நானே எழுதிய ரெஜெக்ஸ் எனக்கே புரியவில்லை: தமிழ்ச் சொற்களில் ஒரு டிஎஸ்எல் எழுதலாமா?

தோவாளைக்காரி:

வணக்கம். அப்பாவுக்குத் தோவாளை மார்க்கெட்டில் பூ கமிஷன் கடை. நான் நாகர்கோவிலில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். காலை ஏலம் முடிந்ததும் வியாபாரிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் அன்றைய விலை வரும். ஒருவர் ‘பிச்சி 800/-’ என்று போடுவார். இன்னொருவர் ‘மல்லி கிலோ ரூ.1,200’ என்பார். வேறொருவர் ‘அரளி:150 ரூபாய்’ என்று பூவுக்கும் விலைக்கும் நடுவில் இடைவெளியே இல்லாமல் அடிப்பார். இதையெல்லாம் பொறுக்கி எடுத்து அட்டவணையில் போட, இரண்டு வருஷத்துக்கு முன்னால் பைத்தானில் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். அதன் உயிர் இந்த ஒரு ரெஜெக்ஸ் வரிதான் (ரெஜெக்ஸ் என்றால், உரைக்குள் எந்த வடிவத்தைத் தேட வேண்டும் என்று குறிகளால் சொல்லும் முறை):

`(பிச்சி|மல்லி|மல்லிகை|அரளி|கேந்தி|சம்பங்கி|ரோஜா|துளசி|தாமரை)[ :.=-]*(?:கிலோ|கி\.?)?[ ]*(?:ரூ\.?)?[ ]*([0-9][0-9,]*)(?:/-|[ ]*ரூபாய்)?`

எழுதிய அன்று ஒவ்வொரு குறியும் எனக்கு மனப்பாடம். இப்போது பார்த்தால் கோலத்துப் புள்ளி மாதிரி இருக்கிறது. எந்தக் கேள்விக்குறி ‘இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி’ என்கிறது, எது அடைப்புக்குறியோடு சேர்ந்து வேறு அர்த்தம் தருகிறது என்று விரல் வைத்து எண்ணித்தான் வாசிக்க முடிகிறது.

போன ஓணத்துக்குப் பிறகு அப்பா கணக்கு பார்க்க அட்டவணையைக் கேட்டார். உத்திராடத்தன்று (திருவோணத்துக்கு முந்தின நாள்) மல்லி 200 ரூபாய் என்று இருந்தது. "மக்களே, உத்திராடத்துக்கு மல்லி எப்பயாவது இருநூறுக்குப் போயிருக்கா?" என்றார். எனக்கு முகமே வாடிப்போனது. அத்தப்பூக்கோலத்துக்கு வாடாமல்லி லோடு லோடாகக் கேரளத்துக்குப் போன நாள் அது. செய்தியில் ‘வாடாமல்லி 200’ என்று இருந்திருக்கிறது. என் ரெஜெக்ஸ் அதற்குள் ஒளிந்திருந்த ‘மல்லி’யைப் பிடித்து, அதற்கு மேலே வந்த உண்மையான மல்லி விலையை அழித்துவிட்டது. கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. அப்பா அந்த அட்டவணையை நம்பித்தான் விவசாயிகளுக்குக் கணக்கு முடிக்கிறார். அதில் தப்பு வந்தால் ஒரு குடும்பத்தின் கூலி குறையும்.

சரி, சொல்லுக்கு முன்னும் பின்னும் எல்லைக் குறி போடலாம் என்று பார்த்தேன் (பின்சாய்கோட்டோடு ஆங்கில ‘பி’ போடுவோமே, அது). இரண்டு பக்கமும் போட்டால் எந்தப் பூவும் சிக்கவில்லை. முன்னால் மட்டும் போட்டால் வாடாமல்லி அப்படியே உள்ளே வருகிறது. இது ஏன் என்று யாராவது சொன்னால் நல்லது.

ஆனால் என் பெரிய கேள்வி வேறு. ரெஜெக்ஸைக் குறிகளாக எழுதாமல் சொற்களாக எழுதும் டிஎஸ்எல்கள் (ஒரே ஒரு வேலைக்கென்று உருவாக்கும் குறுமொழிகள்) இருக்கின்றன. 2022-ல் ஸ்விஃப்ட் மொழியின் 5.7 பதிப்பில் ரெஜெக்ஸ்பில்டர் வந்தது. அதற்கு முன்பே 2013 வாக்கில் வெர்பல்எக்ஸ்பிரஷன்ஸ் என்று ஒன்று பல மொழிகளில் பரவியது. பைத்தான் 3-இல் மாறிகளுக்கும் ஃபங்ஷன்களுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். அப்படியானால் தமிழ்ச் சொற்களில் எனக்கென்று ஒரு சின்ன டிஎஸ்எல் எழுதினால் என்ன? வாசிக்க உண்மையிலேயே சுலபமாகுமா, இல்லை நாளைக்கு இன்னொரு சுமையாகுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் தேன்கூடு:

தங்கச்சி, டிஎஸ்எல் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ரெஜெக்ஸ் உலகம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். நாளை இந்த புரோகிராமை வேறொருவர் கையில் கொடுத்தால், அவர் ரெஜெக்ஸ் தெரிந்தவராக இருப்பார். உங்கள் வீட்டு டிஎஸ்எல் அவருக்குத் தெரிந்திருக்காது.

வாசிக்க முடியவில்லை என்றால் துண்டு துண்டாக வெட்டிப் பெயர் வையுங்கள். அதற்கு எந்த லைப்ரரியும் தேவையில்லை:

`எண் = "[0-9][0-9,]*"`
`இடை = "[ :.=-]*"`
`அளவு = "(?:கிலோ|கி[.]?)?"`
`ரூ = "(?:ரூ[.]?)?"`
`வால் = "(?:/-| *ரூபாய்)?"`
`விலைவரி = பூ + இடை + அளவு + இடை + ரூ + இடை + "(" + எண் + ")" + வால்`

கடைசி வரியை வாசித்துப் பாருங்கள். பூ, அளவு, ரூ, எண், வால். இது போதாதா? இன்னொரு வழியும் உண்டு. 1994-ல் பெர்ல் மொழியின் 5-ஆம் பதிப்பு கொண்டுவந்த விரிவு முறை பைத்தானிலும் இருக்கிறது. அதைப் போட்டால் ரெஜெக்ஸைப் பல வரிகளாக உடைத்து, வரிக்கு வரி குறிப்பு எழுதலாம். வெற்று இடத்தை அது கண்டுகொள்ளாது.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். துண்டுக்குள் செங்குத்துக் கோடு (‘அல்லது’ என்பதற்கான குறி) இருந்தால் சுற்றி அடைப்புக்குறி கட்டாயம். மறந்தால் ஒட்டும்போது அர்த்தமே மாறிவிடும்.

தோவாளைக்காரி:

நன்றி அண்ணா. துண்டாக வெட்டியதும் மூச்சு விட முடிகிறது. ஆனால் விரிவு முறையில் ஒரு இடத்தில் அடி வாங்கினேன். பூப் பட்டியலில் ‘பாக்கெட் ரோஜா’வைச் சேர்த்தேன். ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. வெற்று இடத்தைக் கண்டுகொள்ளாது என்றால், ‘பாக்கெட்’டுக்கும் ‘ரோஜா’வுக்கும் நடுவில் இருக்கும் இடத்தையும் அது விழுங்கிவிடுகிறது. ‘பாக்கெட்ரோஜா’ என்று சேர்த்து அடித்தால்தான் பிடிக்கிறது! எழுத்துத் தொகுதிக்கான சதுர அடைப்புக்குள் வைத்த இடத்தை மட்டும் விட்டுவைக்கிறது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, சத்தமில்லாமல் ஒரு பூ காணாமல் போனது. அதனால் இப்போதைக்கு விரிவு முறை இல்லாமல், துண்டுகள் மட்டும்.

தக்கலை ஆதாரக்கட்டு:

மார்த்தாண்டம் அண்ணன் சொன்னதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். மீதிப் பாதியை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நம் குடும்பங்களில் பெட்டியில் கிடக்கும் பழைய ஆதாரங்களை (சொத்துப் பத்திரங்களை) தட்டச்சு செய்து ஒழுங்குபடுத்தும் வேலை செய்கிறேன். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தவை என்பதால், அந்தக் காலப் பத்திரங்களில் தேதி கேரளத்து ஆண்டுக் கணக்கான கொல்லம் ஆண்டில்தான் அதிகம். ஒரே தேதியை ஒருவர் ‘கொல்லம் 1105 ஆவணி 14’ என்று எழுதியிருப்பார், இன்னொருவர் ‘1105-ம் ஆண்டு சிங்ஙம் 14’ என்று எழுதியிருப்பார். முதலில் நானும் துண்டு துண்டாக வெட்டித்தான் பார்த்தேன். துண்டுகள் இருபதைத் தாண்டியதும், அண்ணன் எச்சரித்த அதே அடைப்புக்குறி மூன்று இடத்தில் விட்டுப்போயிருந்தது. மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்துத் துண்டுகளைக் கூட்டல் குறியால் ஒட்டும்போது ஒரு துண்டு எங்கே முடிகிறது என்பது பைத்தானுக்குத் தெரியாது. மனிதன்தான் நினைவில் வைக்க வேண்டும்.

டிஎஸ்எல்லின் முதல் லாபம் சொற்கள் அழகாக இருப்பது அல்ல, இந்த நினைவுச் சுமையை அது வாங்கிக்கொள்வதுதான். என்னுடையதில் மொத்தம் ஒன்பது சொற்கள். பைத்தானில் நூறு வரிகூட வராது. இப்படி எழுதுவேன்:

`தேதி = தொடர்(`
`    இருக்கலாம்("கொல்லம் "),`
`    பெயரிடு("ஆண்டு", இலக்கம்(3, 4)),`
`    இருக்கலாம்("-ம் ஆண்டு"),`
`    " ",`
`    பெயரிடு("மாதம்", ஏதாவது(மாதங்கள்)),`
`    " ",`
`    பெயரிடு("நாள்", இலக்கம்(1, 2)))`

உள்ளே ஒவ்வொரு ஃபங்ஷனும் தன் அடைப்புக்குறியைத் தானே போட்டுக்கொள்ளும். மேற்கோளுக்குள் நான் எழுதும் எதுவும் எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்ளப்படும். உங்கள் வரியில் ‘ரூ.’ வரும் இடத்தில் புள்ளிக்கு முன்னால் பின்சாய்கோடு போட்டிருக்கிறீர்கள் அல்லவா? என்றாவது ஒரு நாள் போட மறப்பீர்கள். அன்றைக்கு அந்தப் புள்ளி ‘எந்த எழுத்தும்’ என்று ஆகிவிடும். டிஎஸ்எல்லில் அந்தப் பயம் இல்லை.

இந்த யோசனை புதிதும் அல்ல. இந்தக் குறிகளின் வேர் 1950களில் ஸ்டீபன் கிளேனி கணிதத்துக்காக எழுதிய சூத்திரங்களில் இருக்கிறது. 1968-ல் கென் தாம்சன் அதை உரையில் தேடுவதற்கான வழியாக்கினார். கணிதச் சூத்திரத்துக்குச் சுருக்கம் அழகு. நாற்பது பூவுக்கு விலை பொறுக்கும் வேலைக்கு அந்தச் சுருக்கம் தடையாக நிற்கிறது. 1998-லேயே ஒலின் ஷிவர்ஸ் ஸ்கீம் மொழிக்காக ரெஜெக்ஸைச் சொற்களாக எழுதும் முறையை முன்வைத்தார். ஈமாக்ஸ் எடிட்டரில் ‘ஆர்எக்ஸ்’ என்று ஒன்று பல வருஷமாக இருக்கிறது, இன்றும் பலர் அதில்தான் எழுதுகிறார்கள்.

இரண்டாவது லாபத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. என்னோடு ஆதாரம் வாசிக்க ஒரு பெரியவர் வருவார், பழைய ஆதார எழுத்தர். கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. ஒரு நாள் மேலே இருக்கும் அந்த விதியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அப்போது நாள் 31-க்கு மேல் வரக்கூடாது என்று ஒரு வரம்பு வைத்திருந்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "மிதுனத்துக்கு 32 வரும்லா?" என்றார் (மிதுனம் என்பது ஆனி மாதம்). நாலு ஆதாரம் அதனாலேயே விடுபட்டிருந்தது. குறிகளாக இருந்திருந்தால் அவரிடம் வாசித்துக் காட்டியிருக்கவே முடியாது. உங்கள் விதியைத் தமிழில் எழுதினால், தயவுசெய்து அப்பாவிடம் வாசித்துக் காட்டுங்கள்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். கொல்லம் ஆண்டோடு 824 கூட்டினால் கி.பி. வரும், ஆனால் மார்கழி நடுவில் ஆங்கில வருஷம் பிறந்துவிட்டால் 825 கூட்ட வேண்டும். இந்தக் கணக்கையும் டிஎஸ்எல்லுக்குள்ளேயே திணித்தேன். ‘மார்கழிக்குப்பின்’, ‘மார்கழிக்குமுன்’ என்று புதுச் சொற்கள் முளைத்து, ஒரு மாதத்தில் எனக்கே வழி தெரியாத காடாகிவிட்டது. எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன். டிஎஸ்எல் வடிவத்தை மட்டும் பிடிக்கட்டும். அர்த்தத்தைச் சாதாரண பைத்தான் பார்த்துக்கொள்ளும்.

அப்புறம், முடிந்தவரை வரியின் தொடக்கம் முதல் முடிவு வரை முழுசாகப் பொருந்தச் சொல்லுங்கள். நடுவில் எங்காவது கிடைத்தால் போதும் என்று விட்டதால்தான் வாடாமல்லி நுழைந்தது. ‘பாக்கெட் ரோஜா’வும் அப்படியே ‘ரோஜா’ கணக்கில் ஏறியிருக்கும், பழைய அட்டவணையைப் பாருங்கள்.

குளச்சல் அலைவாய்:

எல்லைக் குறி ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். எந்த டிஎஸ்எல் எழுதினாலும் இது தெரியாமல் எழுதினால் பழைய பிழை புதுச் சட்டை போட்டு வரும்.

பைத்தானோடு வரும் ரெஜெக்ஸில் ‘சொல் எழுத்து’ என்றால் எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டும். நம் கொம்பும் காலும் விசிறியும் புள்ளியும் யூனிகோட் கணக்கில் எழுத்து அல்ல, எழுத்தோடு ஒட்டும் குறிகள். அதனால் ‘மல்லி’யின் கடைசியில் இருக்கும் இகரக் குறி அதற்குச் சொல்லின் பகுதியே அல்ல. அடுத்து வரும் வெற்று இடமும் அல்ல. இரண்டும் ‘சொல் அல்லாதவை’ என்பதால் நடுவில் எல்லை கிடையாது, ஆகவே பொருந்தாது. உங்கள் பட்டியலில் எல்லாப் பூவும் உயிர்க்குறியில்தான் முடிகிறது, அதனால் ஒன்றும் சிக்கவில்லை. ‘மல்லி1500’ என்று ஒட்டி அடித்துப் பாருங்கள், பொருந்தும்! குறிக்கும் எண்ணுக்கும் நடுவில் அதற்கு எல்லை தெரிகிறது.

‘வாடாமல்லி’யில் இதன் மறுபக்கம். ‘டா’வின் காலுக்கும் ‘ம’வுக்கும் நடுவில் ஒரு எல்லை இருப்பதாக அது நினைக்கிறது. அதனால்தான் முன்னால் குறி போட்டும் உள்ளே வந்தது.

தீர்வு, எல்லையை நாமே சொல்வது:

`(?<![அ-ஹா-்])மல்லி(?![அ-ஹா-்])`

முன்னும் பின்னும் தமிழ் எழுத்தோ குறியோ இருக்கக் கூடாது என்று பொருள். அந்தச் சதுர அடைப்பை உற்றுப் பாருங்கள். அதில் இரண்டு வீச்சுகள் இருக்கின்றன. ‘அ’ முதல் ‘ஹ’ வரை ஒன்று, கால் முதல் புள்ளி வரை இன்னொன்று. ஆனால் திரையில் ‘ஹ’வும் காலும் ஒட்டிக்கொண்டு ‘ஹா’ என்று தெரியும். எழுதியவருக்கே மறுநாள் புரியாது. தமிழுக்கு ரெஜெக்ஸ் எழுதுபவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்தே ஆக வேண்டும் என்பேன். `எழுத்து` என்று ஒரு முறை வைத்துவிட்டு, டிஎஸ்எல்லில் `தனிச்சொல்("மல்லி")` என்று எழுதுங்கள், போதும். பைத்தானுக்குத் தனியாகக் கிடைக்கும் ‘ரெஜெக்ஸ்’ என்ற லைப்ரரி நம் குறிகளையும் சொல்லின் பகுதியாகவே எடுத்துக்கொள்கிறது, அதையும் பாருங்கள்.

‘ரோஜா’, ‘கிலோ’ இரண்டிலும் ஓகாரம் இருக்கிறது. அதை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ரெஜெக்ஸுக்கு வேறு வேறு. செய்தியை வாங்கியதும் யூனிகோட் சீராக்கத்தை (ஒரே எழுத்தை எங்கும் ஒரே விதமாகச் சேமிக்கவைப்பது) ஒரு தடவை ஓட்டிவிட்டு அப்புறம் தேடுங்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. எண்ணையும் காற்புள்ளியையும் `(?:[0-9]+,?)+` என்று எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘பல’வுக்குள் ‘பல’. அதற்குப் பின்னால் வரவேண்டியது வராமல் போனால், அந்த எண்ணை எத்தனை விதமாக வெட்டலாமோ அத்தனையையும் அது முயன்று பார்க்கும். 10 இலக்கப் போன் நம்பருக்கு 512 விதம். 30 இலக்கம் ஒட்டி வந்தால் 53 கோடிக்கு மேல். 2019 ஜூலை 2 அன்று, ஏராளமான இணையதளங்களுக்கு முன்னால் நிற்கும் கிளவுட்ஃபிளேர் சேவை உலகம் முழுக்க 27 நிமிடம் தடுமாறியது இந்த மாதிரி ஒரு ரெஜெக்ஸால்தான். டிஎஸ்எல்லில் இதையே `பல(பல(இலக்கம்), இருக்கலாம்(","))` என்று எழுதினால் பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆபத்து கொஞ்சமும் குறையாது. அதனால் டிஎஸ்எல் கடைசியில் உருவாக்கும் ரெஜெக்ஸை அச்சிட்டுப் பார்க்க ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள்.

தோவாளைக்காரி:

பத்து நாளாக இதிலேயே உட்கார்ந்திருந்தேன். குளச்சல் அண்ணா, ‘மல்லி1500’ அடித்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே பொருந்தியது. இரண்டு வருஷம் இது தெரியாமல் இருந்திருக்கிறேன். தக்கலை அண்ணா சொன்னதுபோல் பழைய அட்டவணையையும் தேடினேன். பாக்கெட் ரோஜா விலை பதினேழு நாளில் ரோஜா கணக்கில் ஏறியிருந்தது. ஒவ்வொன்றாகத் திருத்திவிட்டேன்.

எட்டுச் சொற்களோடு ஒரு டிஎஸ்எல் எழுதினேன். இதுதான் விதி:

`விலைவரி = தொடர்(`
`    தொடக்கம்,`
`    பெயரிடு("பூ", ஏதாவது(பூக்கள்)),`
`    பிரிப்பு,`
`    இருக்கலாம்(ஏதாவது("கிலோ", "கி.", "எண்ணம்")),`
`    பிரிப்பு,`
`    இருக்கலாம்("ரூ."),`
`    பிரிப்பு,`
`    பெயரிடு("விலை", எண்),`
`    இருக்கலாம்(ஏதாவது("/-", " ரூபாய்")),`
`    முடிவு)`

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடை அடைத்து வந்து சாப்பிட்ட பிறகு, இதையும் பூப் பட்டியலையும் பெரிய எழுத்தில் அச்சிட்டு அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தார். ‘தொடர்’, ‘இருக்கலாம்’ என்பதற்கெல்லாம் நான் விளக்கம் சொல்ல வேண்டியே வரவில்லை. பேனாவைக் கேட்டார்.

தாமரைக்குப் பக்கத்தில் ‘எண்ணம் மட்டும்’ என்று எழுதினார். தாமரையைக் கிலோவில் யாரும் விற்பதில்லை, கிலோ என்று வந்தால் அது அடித்தவரின் பிழை என்றார். கேந்திக்குப் பக்கத்தில் ‘கிரேந்தி’ என்று எழுதினார், பாதிப் பேர் அப்படித்தான் அடிப்பார்களாம். பிறகு கொழுந்தில் நின்றார். "மரிக்கொழுந்து எங்க? கொழுந்து வேற, மரிக்கொழுந்து வேற. விலையும் வேற." மரிக்கொழுந்துக்குள் கொழுந்து. வாடாமல்லியில் நான் விழுந்த அதே பள்ளம், அடுத்த மாதமே கொழுந்தைப் பழைய புரோகிராமில் சேர்ப்பதாக இருந்தேன்.

மொத்தம் நாலு திருத்தம். நாலாவது, ‘ரூபாய்’க்குப் பதில் சிலர் ‘ரூவா’ என்று அடிப்பார்கள் என்பது. கடைசியில் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "கொள்ளாம் மக்களே" என்றார் (‘நன்றாக இருக்கிறது’ என்று எங்கள் ஊர்ப் பேச்சு). அந்த ஒரு சொல்லுக்காகப் பத்து நாள் உட்கார்ந்தது தகும்.

மார்த்தாண்டம் அண்ணா, உங்கள் கவலை நியாயமானது, அதனால் டிஎஸ்எல் கோப்பின் தலையிலேயே ஒவ்வொரு சொல்லுக்கும் அது உருவாக்கும் ரெஜெக்ஸைப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன். ரெஜெக்ஸ் தெரிந்த யார் வந்தாலும் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்ளலாம். விதி மாறும்போதெல்லாம் ஓட்டிப் பார்க்க, குரூப்பில் வந்த நிஜமான 60 வரிகளைச் சோதனைக்கு எடுத்து வைத்திருக்கிறேன். வாடாமல்லிதான் முதல் வரி.

எந்த விதிக்கும் பொருந்தாத வரிகளை இப்போது தூக்கிப் போடுவதில்லை. ‘புரியாதவை’ என்று தனியாகச் சேர்த்து, காலை ஒன்பது மணிக்கு அப்பாவின் போனுக்கு அனுப்புகிறேன். இன்றைக்கு மூன்று வந்தது. இரண்டு ‘காலை வணக்கம்’. மூன்றாவது ‘சம்பங்கி நேத்து விலைதான்’. இதற்கு விதி எழுதலாமா, இல்லை அப்பாவே கையால் போடட்டுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நேற்றைய விலையைத் தேடுவது வடிவத்தில் சேராது, அர்த்தத்தில் சேரும், இல்லையா தக்கலை அண்ணா?

தக்கலை ஆதாரக்கட்டு:

ஆமாம் தங்கச்சி. ‘நேத்து விலை’ என்பதை மட்டும் டிஎஸ்எல் அடையாளம் காட்டட்டும். நேற்று எவ்வளவு என்பதை அட்டவணையில் போய்ப் பார்ப்பது பைத்தானின் வேலை. ‘நேத்தைய விலை’, ‘நேற்று ரேட்’, ‘மாற்றமில்லை’ என்றெல்லாமும் வரும், அவற்றையும் அப்பாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.